நிரம்பாத வரி

முனிகிருஷ்ணன் அச்சுக் கோப்பதில் கில்லாடி. கும்மிடிப்பூண்டியிலிருந்து தினம் ரயிலில் போய் மீஞ்சூர் அச்சகத்தில் இருபது வருஷமாக ஈய எழுத்துகளோடு மாரடித்தவன். வரியில் ஒரு விரற்கடை காலியாக இருந்தாலும் அவனுக்குக் கை அரிக்கும். பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

மனைவி குணசுந்தரிக்கு இழுப்பு நோய். பாதிப் பேச்சில் மூச்சு வாங்க நிற்பாள். மீதியை இவனே சொல்லி முடித்துவிடுவான், பெரும்பாலும் தப்பாக. திருத்தவும் மூச்சு வேண்டுமே, அவள் விட்டுவிடுவாள். கவிதை என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பாள்.

"இன்னாத்துக்கு வரிய பாதியில ஒடிக்கிற? காகிதந்தான் தண்டம்" என்பான். அவள் சிரிப்பாள்.

எழுபத்து நாலு ஐப்பசி மழையில் இழுப்பு முற்றிப் போய்ச் சேர்ந்தாள். முனிகிருஷ்ணன் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது. கருமாதிப் பத்திரிகையில் அவள் எழுதியதைப் போட வேண்டும் என்பது மட்டும் தோன்றியது. அவள் குரலென்று வேறெதுவும் மிச்சமில்லை. தானே கோத்தான். பழக்கதோஷம், கை வரிகளையெல்லாம் ஒட்டி நிரப்பிவிட்டது.

கும்மிடிப்பூண்டி வீட்டில் மச்சினன் துளசிராமன் புரூஃபை வாங்கி ஒரே மூச்சில் படித்தான்.

'உலை கொதிக்கிறது. நீ வரும் ரயில் இன்னும் பொன்னேரி தாண்டவில்லை. தாண்டினால் சொல், அரிசி போடுகிறேன்.'

"இன்னா மாமா இது? அக்கா எப்ப இப்டி கடகடன்னு பேசுச்சு?"

முனிகிருஷ்ணன் நோட்டை எடுத்துப் பிரித்தான்.

உலை கொதிக்கிறது. நீ வரும்
ரயில் இன்னும்
பொன்னேரி தாண்டவில்லை. தாண்டினால்
சொல்,
அரிசி போடுகிறேன்.

ஒடிந்த இடமெல்லாம் அவள் மூச்சு வாங்கிய இடம். பேச்சு முடியவில்லை, அடுத்த வரியில் இருக்கிறது, கொஞ்சம் பொறு என்று ஒவ்வொரு வரியும் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைத்தான் பாவி ஒட்டி வைத்திருந்தான்.

மறுநாள் கோத்ததைக் கலைத்துவிட்டு மறுபடி கோத்தான். ஒடிந்த வரிகளுக்குப் பக்கத்தில் எழுத்தில்லாத ஈயக் கட்டைகளை அடைத்தான்.

"இன்னாபா, பாதி கார்டு காலியா கீது?" என்றார் முதலாளி.

"இருக்கட்டும் சார். அவ நின்னு நின்னுதான் பேசுவா."

புதுப் புரூஃபை வாய்விட்டுப் படித்தான். 'நீ வரும்' என்றதும் வரி முடிந்தது. அடுத்த சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் மீதியைச் சொல்லட்டும் என்று அவன் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.