முன்பலகையில் யார் உட்காருவது

1

இந்தக் கதை எனக்கு ஒரு நாற்றத்திலிருந்து கிடைத்தது. எண்பத்தைந்தாம் வருஷம், பங்குனி மாசம். எங்கள் தெருக்கோடியில் ராஜாராமின் அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. நகப்பூச்சையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சினால் எப்படியிருக்குமோ அப்படியொரு நெடி அங்கிருந்து கிளம்பியது. தெருக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் சல்லடை இரவல் கேட்கும் சாக்கில் உள்ளே போனேன்.

உள்ளே ஆதிலட்சுமி முழங்கை வரை பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி நூல் பாயின் மேல் பிசினை உருளையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பாண்டுரங்கன் டப்பாவில் பிசின் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, தண்ணித் தொட்டியா?"

"படகு, அக்கா."

"படகா? ஏரியே காஞ்சி கெடக்குது!"

"ரொம்பும்."

சல்லடை கேட்க மறந்துவிட்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை முயன்றேன். எழுதி அடித்த வரிகளை மறைக்கவில்லை, பாருங்கள்.

"உத்திரமேரூர் ஏரி கடல்போல் விரிந்து—" (எங்களில் யாரும் அதைக் கடல் என்று சொல்வதில்லை. ஏரி என்றால் எத்தனை ஏக்கர் பாயும் என்பதுதான் பேச்சு.)

"சிறுவயதிலிருந்தே பாண்டுரங்கனுக்குப் படகென்றால் உயிர்—" (பொய். மனிதருக்கு நீச்சலே தெரியாது.)

"புருஷன் சொல்லைத் தட்டாத ஆதிலட்சுமி—" (எழுதும்போதே சிரித்துவிட்டேன்.)

மூன்றாவதை அடித்தபோதுதான் கதை யாருடையது என்பது பிடிபட்டது. அதுவரை பாண்டுரங்கனைக் கதாநாயகனாக நிறுத்தி நாலு பக்கம் வீணாக்கியிருந்தேன். அவர் பம்புசெட் மெக்கானிக். மெட்ராஸில் ஒரு படகுப் பட்டறையில் நாலு வருஷம் பிசின் வேலை பார்த்தவர். பணக்காரர்கள் வாங்கிப்போகிற வேகப் படகுகளைப் பார்த்துப் பார்த்து, 'இதே மாதிரி ஒரு படக ரெண்டு மோட்டார் சைக்கிள் விலைக்குச் செஞ்சா, முதல்முறையா வாங்கறவன் எவனும் வாங்குவானே' என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார். எண்ணம் அவருடையது. ஆனால் அடிப்பாகம் அவள் வேலை.

பட்டறையில் பார்த்த கூர் அடியைத்தான் அவர் வரைந்து காட்டினார். ஆதிலட்சுமி அதை நம்பவில்லை. வாழைத்தண்டில் ஏழெட்டு விதமாகச் செதுக்கி, நூல் கட்டி, பம்புசெட் வாய்க்காலின் வேகத் தண்ணீரில் விட்டுப் பிடித்தாள். கூர் அடி தண்ணீரை அறுத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தது. பின்பக்கம் தட்டையாக விட்ட ஒரு துண்டு மட்டும் சட்டென்று எழும்பி, வாய்க்காலின் மேல் துள்ளிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. பொழுது சாயும்வரை அந்த ஒரு துண்டையே விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சொன்னவள் சொக்கம்மாள். துணி துவைக்க வாய்க்காலுக்குப் போனவள், துவைக்காமல் திரும்பினாள்.*

* சொக்கம்மாள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். இது மீதிப் பாதி.

3

நடுவே கொஞ்சம் வியாபாரம். பிடிக்காதவர்கள் நாலாவது பகுதிக்குப் போகலாம். ஆனால் அங்கே ஒன்றும் புரியவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

வேகப் படகில் விலை பிடிப்பது படகல்ல, பின்னால் மாட்டுகிற மோட்டார். பெரிய மோட்டார் போட்டால் ஏழை வாங்க முடியாது. சின்ன மோட்டார் இழுக்க வேண்டுமானால் படகு இலேசாக இருக்க வேண்டும். இலேசாகச் செய்து வெயிலில் வைத்தார்கள். ஊரே வந்து தட்டிப் பார்த்தது.

"இன்னாம்மா, கூடை மாதிரி கீது! ரெண்டு பேர் தூக்கறான்."

"ரெண்டு பேர் தூக்கணும்னுதான் செஞ்சது" என்றாள் ஆதிலட்சுமி.

"கனமில்லாத பொருளுக்கு எவன் காசு குடுப்பான்?"

தட்டிப் பார்த்து, கனம் பார்த்தே மாடு வாங்கிய ஜனம். கனம்தான் தரம். 'இன்னும் ரெண்டு பாய் சேர்த்துப் போட்டுடலாம்' என்று பாண்டுரங்கன்கூட ஒருநாள் ஆடிப்போனார். ரெண்டு பாய் போட்டால் கனம், கனமானால் பெரிய மோட்டார், பெரிய மோட்டார் என்றால் விலை. அவள் ஒரு பாய்கூடச் சேர்க்கவில்லை.

இன்னொன்று, படகை வார்த்தெடுக்கிற அச்சு. படகைவிட அச்சுக்குத்தான் ஏழு மாத உழைப்பும் பிசினும் போனது. ஆறு படகாவது அதே அச்சில் எடுத்தால்தான் விலை கட்டும். ஒன்றோடு நின்றுவிட்டால் அந்த ஒரு படகு பணக்காரன் விலைக்கு வந்துவிடும்; எதற்காகச் செய்தார்களோ அதுவே செத்துப்போகும். தை பிறந்தால் நெல் அடுக்கக் கொட்டகை வேண்டும் என்று ராஜாராம் சொல்லிவிட்டார். ஆர்டர் இருந்தால் கொட்டகை. இல்லாவிட்டால் அச்சை ரம்பம் போட்டு அறுத்து வெளியே எறிய வேண்டியதுதான், படகு போகிற கதவு வழியாக, மரச்சட்டத்தோடு அது முழுசாகப் போகாது.

ஆர்டர் தரக்கூடியவர் ஒருவரே ஒருவர்: வீராசாமி. கிழக்கே கடலோர உப்பங்கழியில் சுற்றுலா வருகிறவர்களைத் துடுப்புப் படகில் ஏற்றிப் பிழைக்கிறவர். "நாலு பேர ஏத்திக்கினு தண்ணி மேல எழும்பி ஓடட்டும். ஆறு எடுத்துக்கறேன்" என்றிருந்தார்.

4

கார்த்திகையில் ஏரி நிரம்பியது.

நிரம்பிய ஏரியில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம்: மதகு திறக்கிறவன் கூட இல்லாமல் எதையும் தண்ணீரில் இறக்கக் கூடாது. அவன்தான் ஏரிக்குப் பொறுப்பு. அப்போது மதகு பார்த்தவர் ஊர்க்கோடிக் குடிசைகளிலிருந்து வரும் பெரியசாமி. ஆக நாலு பேர் தானாக அமைந்தார்கள்: ஓட்டப் பாண்டுரங்கன், வாங்க வீராசாமி, வழக்கத்துக்குப் பெரியசாமி, கொட்டகைக்காரர் என்ற உரிமையில் ராஜாராம். வீராசாமி ஒல்லி. ராஜாராமைப் பற்றி என்ன சொல்வது? அவர் மில் தராசு சில நாள் அவரை நிறுக்கவும் பயன்பட்டிருக்கிறது.

படகின் நடுவில் ஸ்டீயரிங். அதற்கு முன்னால் ஒரு பலகை, பின்னால் மோட்டாரை ஒட்டி ஒரு பலகை. ராஜாராம் ஏறியதும் நேராகப் பின்பலகைக்குப் போய், கார் பின்சீட்டில் சாய்வதுபோல் சாய்ந்தார். வீராசாமி அவர் பக்கத்தில். முதலாளிகள் முன்னால் உட்கார்ந்து எங்காவது பார்த்திருக்கிறீர்களா? முன்பலகையில் பெரியசாமி தனியாகக் குந்தியிருந்தார்.

மோட்டார் அலறியது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டது. எருமை குட்டையிலிருந்து எழுந்திருக்க மனசில்லாமல் முக்குவதுபோல் நூறு கஜம் போய்த் திரும்பியது.

கரையில் இருநூறு பேர். "நம்மூரு மாட்டு வண்டிய விட்டிருந்தா முன்ன வந்திருக்கும்!" என்றது ஒரு குரல். (என் குரல்தான். மறைப்பானேன்?)

ஆதிலட்சுமி மதகுப் படியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையில் கண்ணாடி நூல் குத்திய அரிப்பு, சொறியக்கூட மறந்திருந்தாள். வாழைத்தண்டுத் துண்டின் வாலில் ஒருமுறை அவள் ஆணி செருகிப் பார்த்திருக்கிறாள். அதுவும் இப்படித்தான் மூக்கைத் தூக்கிக்கொண்டு மூழ்கியது. என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய யாரை எங்கே உட்காரச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

5

ராஜாராம் முன்பலகைக்கு எப்படி வந்தார் என்பதற்கு ஊரில் மூன்று கதைகள் உலவுகின்றன.

(அ) ஆதிலட்சுமி காலில் விழுந்து கெஞ்சினாள். (அவளைத் தெரியாதவர்கள் கட்டியது.)

(ஆ) பெரியசாமியே கை நீட்டி, "வாங்க மொதலாளி" என்று கூப்பிட்டார். (அழகாக இருக்கிறது. எழுதியும் வைத்தேன். ஆனால் பெரியசாமி ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அலை கரையை அறுக்குமோ என்று அவருக்குக் கவலை.)

(இ) நான் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

படகு படியோரம் வந்ததும் ராஜாராம், "இன்னா பாண்டு, இதுக்கா ஏழு மாசம்?" என்றார்.

பாண்டுரங்கன் வாயைத் திறப்பதற்குள் ஆதிலட்சுமி சொன்னாள்: "வண்டி பின்பாரம், மொதலாளி."

"இன்னாது?"

"மூட்டைய எல்லாம் பின்னாடி அடுக்கிகினு வண்டி ஓட்டுவீங்களா? நுகத்தடி மேல தூக்கிக்கும், மாட்டுக்குக் கழுத்து இறுகும். முன்னாடி கொஞ்சம் பாரம் வரணும்."

கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளெல்லாம் வண்டி ஏற்றியவர்கள். "ஆமா, பின்பாரந்தான்!" என்று ஒரு குரல். "முன்ன தள்ளு! முன்ன தள்ளு!" என்று இருபது குரல். படகு பற்றி ஒன்றும் தெரியாத ஊருக்கு ஒரே நொடியில் படகு புரிந்துவிட்டது.

"அப்ப பெரியசாமிய எறக்கிட்டு வேற ஆளப் போடு" என்றார் ராஜாராம்.

"அவரில்லாம ஏரியில எறக்கக் கூடாது. உங்க நைனா காலத்து ஏற்பாடு."

"நீ பெரிய வக்கீலு."

"நான் பிசின் தேய்க்கறவ. மொதலாளி, அந்தப் பலகையில எடம் கீது. உங்க பாரந்தான் வேணும். வேற யார் பாரமும் பத்தாது."

அவமானமா மரியாதையா என்று ராஜாராமுக்குப் பிடிபடவில்லை. இருநூறு பேர் பார்க்கிறார்கள். பிறகு எழுந்து முன்னால் வந்தார். பெரியசாமி பலகையை விட்டு இறங்கிப் படகின் தரையில் குந்தப் போனார். "அசையாதீங்க, ஒருபக்கமா சாயும்" என்றாள் ஆதிலட்சுமி. ராஜாராம் தோள் துண்டை எடுத்து இருவருக்கும் நடுவில் பலகையில் விரித்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு முழ அகலத் துண்டு.

மோட்டார் கிளம்பியது.

முதலில் சத்தம் மாறியது. முக்கல் நின்று, கம்பியை இழுத்துக் கட்டியதுபோல் ஒரே சுருதி. மூக்கு மெல்லக் கீழே வந்தது. அடியிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வெள்ளைத் தகடாகப் பிரிந்தது. பிறகு படகு தண்ணீருக்குள் இல்லை. தண்ணீர் மேல் இருந்தது.

(இங்கே ஒரு உவமை வேண்டும். மீன்கொத்தி, எறிந்த ஓட்டாஞ்சில்லு, சறுக்கிப் போகிற— எல்லாம் எழுதி அடித்தேன். பார்த்தபோது எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. அதுதான் உண்மை.)

கரையிலிருந்த இருநூறு பேரில் ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஊரில் இருநூறு பேர் கூடிய இடத்தில் பேச்சில்லாமல் இருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நானும் பேசவில்லை, என்னைத் தெரிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். ஆதிலட்சுமி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வாய்க்காலில் ஒரு சாண் துண்டாக எழும்பியது, இப்போது நாலு ஆளைச் சுமந்துகொண்டு ஏரியின் அகலம் முழுக்க எழும்பி ஓடியது. அவள் உருளை போன தடமெல்லாம் அதன் அடியில் இருக்கிறது.

படகு வளைந்து திரும்பியபோது துண்டைக் காணோம், காற்று கொண்டுபோயிருந்தது. ராஜாராம் பெரியசாமியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இறங்கிய பிறகும் விட மறந்து, பெரியசாமிதான் மெல்ல உருவிக்கொள்ள வேண்டியிருந்தது.

"இன்னொரு தபா போலாமா?" என்றார் ராஜாராம், யாரிடம் என்றில்லாமல்.

6

இங்கேயே முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் வீராசாமி வியாபாரி.

கொட்டகைக்கு வந்து அச்சைச் சுற்றிப் பார்த்தார். நானும் கூடவே போயிருந்தேன். "ஆறு எடுத்துக்கறேன். ஒரே ஒரு மாத்தம். முன்பலகைய எடுத்துட்டு, பின்னாடி அகலமா ஒரு மெத்தை சீட்டு."

"அப்ப எழும்பாதுங்களே" என்றாள் ஆதிலட்சுமி.

"குடும்பத்தோட வர்றவன், காசு குடுக்கறவன், பின்னாடிதான் உக்காருவான். முன்ன வாடான்னா வேற படகுக்குப் போயிடுவான். ஒரு மில்காரர முன்ன வரவைக்க நீ பட்ட பாட்டப் பாத்தேனே!"

"பெரிய மோட்டார் போட்டா—"

"அந்த விலைக்கு நான் மெட்ராஸ்லயே வாங்கிப்பேனே. எழும்பாட்டி இன்னாம்மா? வேகப் படகு மாதிரி இருந்தா போதும். நான் கார்ல உக்காந்திருக்கேன், யோசிச்சி சொல்லுங்க."

அவர் போன பிறகு பாண்டுரங்கன் சொன்னார்: "பின்னாடியே போட்டுடு லட்சுமி. ஆறு படகையும் முடிச்சிட்டு, ஏழாவது நம்ம இஷ்டத்துக்கு."

"அச்சு ஒண்ணுதானே கீது. பலகை ஒக்கார்ற எடம் அச்சிலயே வருது. ஒருதரம் மாத்தினா எழும்பற படகு அப்புறம் எங்கேர்ந்து வரும்?"

"மாத்தலன்னா அச்சே இருக்காது. தையில அறுத்துடுவாங்க."

இருவர் சொன்னதும் சரி. எழுதுகிறவளுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை.

7

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன். ராஜாராம் ஓடிவந்து கொட்டகையை எழுதிக் கொடுப்பது ஒன்று (அவர் வீட்டில் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார்). வீராசாமி மனம் மாறுவது ஒன்று (சிரிக்காதீர்கள்). மூன்றாவது, நடந்தது.

ஆதிலட்சுமி சாக்பீஸை எடுத்து அச்சின் பக்கத்தில் குனிந்தாள். கோடு போடுகிற இடத்தில்தான் பலகை வரும். குனிந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீ சொல்லு. ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு சேதி வெச்சிருப்பியே."

அடுத்த வீட்டு மருமகள் குழம்பு முதல் பஞ்சாயத்துத் தேர்தல் வரை எனக்குச் சொல்ல இருந்திருக்கிறது. அன்றைக்கு இல்லை. கண்ணுக்குள் இன்னும் அந்தப் படகு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது.

அவள் அச்சுப் பக்கம் திரும்பினாள். பிறகு ஒரே இழுப்பில் கோடு போட்டாள். நான் பார்த்தேன். எங்கே என்று சொல்லமாட்டேன். வாழ்நாளில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் இது. முன்னால் என்றால் கைதட்டுவீர்கள், பின்னால் என்றால் உச்சுக் கொட்டுவீர்கள். தையில் கொட்டகையைக் காலி செய்ய வேண்டியது உங்களுக்கு இல்லையே.

அதனால் நீங்களே வாருங்கள். இந்தாருங்கள் சாக்பீஸ். அச்சின் பக்கம் பிசின் பட்டு வழவழவென்றிருக்கும். அழுத்திப் போடுங்கள்.