பொது மேலாளரின் மறைவு

கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்த நீர்த்திவலைகளை நாகேந்திரன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கத் துடைக்கத் தாயின் முகம் தெளிவதும் மறுபடி மங்குவதுமாக இருந்தது. முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குத் தேநீர் கேட்ட ராஜம்மா, அது ஆறுவதற்குள் போய்விட்டாள். எழுபத்து நான்கு வயது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போனாள் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதையே அவள் வாழ்நாளின் சாதனை என்பதுபோலச் சொன்னார்கள்.

வாசலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களின் குரல் சட்டென்று நின்றது. அடுத்த நொடி சரசா அத்தையின் அலறல் கேட்டது.

"அடப்பாவிங்களா! உயிரோட கீற புள்ளைய எதுக்குடா தூக்கி மாட்டிகினு கீறீங்க? இறக்குங்கடா அத!"

நாகேந்திரன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

தெருவுக்குக் குறுக்கே, இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே, இரண்டு ஆட்கள் ஒரு பெரிய ஃபிளெக்ஸைக் கட்டி முடித்திருந்தார்கள். அதன் நடுவில் பூவளையத்துக்குள் கோட்டும் டையும் அணிந்து புன்னகைத்துக்கொண்டிருந்தவன் நாகேந்திரன். இரு பக்கமும் குத்துவிளக்குகள் எரிந்தன. மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்றும், கீழே 'பொது மேலாளர் திரு. கோ. நாகேந்திரன் அவர்கள்' என்றும் எழுதியிருந்தது. தோற்றம் என்ற இடத்தில் அவனுடைய பிறந்தநாள்; மறைவு என்ற இடத்தில் நேற்றைய தேதி. அடியில் வரிசையாகக் கைகூப்பி நின்றவர்கள், அவனோடு பத்தாம் வகுப்பு படித்த பதினொரு பேர். ஒருவன் கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. அவர்களுக்கு நடுவில், தன் மகனுக்கு அஞ்சலி செலுத்துபவளாக, உள்ளங்கை அளவுப் படத்தில் ராஜம்மா இருந்தாள்.

கொரட்டூர் முழுவதும் இப்படித்தான். செத்தவருக்கு வைக்கும் பலகையில் இருப்பவர்களின் முகங்களே அதிகம். ஆனால் இருப்பவனைச் செத்தவனாக்கிய பலகையை அந்தத் தெரு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

உள்ளேயிருந்து ஓடிவந்த சுரேகா, கணவனின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வந்த தமிழரசு அப்போதுதான் அதைக் கவனித்தான். பழைய வகுப்பு நண்பர்களைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தவன் அவன்தான்; திருவேற்காட்டில் மனை விற்பவன். உடனே போனை எடுத்து அச்சுக்கடைக்காரனைத் திட்டத் தொடங்கினான்.

"யோவ், கண்ணு இல்ல உனுக்கு? செத்தது அவங்க அம்மாய்யா! இன்னாது? அம்மா படம் கிளியரா இல்லியா? அதுக்காவ கிளியரா கீறவன சாவடிச்சிடுவியா நீ?"

போனை வைத்துவிட்டு நாகேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், தப்பா நெனைக்காத. ரெண்டு படமும் அனுப்ச்சேன். எது பெருசா போட்டா நல்லா வருமோ அத அவனே மேல போட்டுட்டான்."

"அடிக்கறதுக்கு முன்னாடி உனக்குக் காட்டலியா?"

"காட்னான்." தமிழரசு தலையைச் சொறிந்தான். "கீழ வரிசைல என் மூஞ்சி நல்லா வந்துகீதானு மட்டும் பாத்தேன்டா. மேல பாக்கல."

பொய் சொல்லத் தெரிந்தவன், அன்று ஏனோ உண்மையைச் சொன்னான்.

அந்தக் கோட்டு நாகேந்திரனுடையது அன்று. முகத்தைக் கொடுத்தால் கோட்டு மாட்டித் தரும் போன் செயலி ஒன்றின் கொடை அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, முப்பது வருடம் கழித்து, வகுப்பு நண்பர்கள் திருவேற்காட்டில் ஓர் உணவகத்தின் மாடியில் கூடினார்கள். ஒவ்வொருவராக எழுந்து, தான் யார், இப்போது என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாகேந்திரன் இருபத்திரண்டு வருடம் கடைசல் இயந்திரம் ஓட்டிய நிறுவனம், அதற்கு முந்தைய ஆண்டே கதவைச் சாத்திக்கொண்டு வெளிமாநிலம் போய்விட்டது. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் உழைத்தவனிடம் பேச, பொறுப்பில் இருந்த ஒருவர்கூடக் கீழே இறங்கி வரவில்லை. அதன் பிறகு அவன் வானகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் காவலாளியாக நின்றுகொண்டிருந்தான். தன் முறை வந்ததும் எழுந்தான். "எஸ்டேட்ல... ஒரு கம்பெனில மேனேஜரா கீறேன்" என்றான். கைதட்டினார்கள். அடுத்த மாதம் யாரோ அவனைக் குழுவில் 'பொது மேலாளர்' என்று வாழ்த்தினார்கள். அவன் மறுக்கவில்லை. அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். மிச்சத்தை மற்றவர்களின் கைதட்டலே செய்துவிட்டது.

அதுவரை நீலச் சீருடையிலேயே வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தவன், அன்று முதல் அதைத் துணிக்கடைப் பையில் மடித்து எடுத்துப்போய், குடியிருப்பின் மோட்டார் அறையில் மாற்றிக்கொண்டான். தமிழரசு திருவேற்காடு, அதே வகுப்பில் படித்த உஸ்மான் கனி பூந்தமல்லி; வழியில் எவன் கண்ணில் படுவோம் என்று யாருக்குத் தெரியும்? துவைத்த சீருடையைக் கொடியில் போடக் கூடாது என்றும் வீட்டில் சொல்லிவைத்தான். ராஜம்மா அதைச் சமையலறைக்குள் கயிறு கட்டி உலர்த்தினாள்.

"இன்னாத்துக்குடா திருட்டுத் துணி மாதிரி உள்ள காயப் போடச் சொல்ற?" என்று ஒரு நாள் கேட்டாள். "ரெண்டு வருசமா தொவைக்கிறது மட்டும்தான் நானு. ஒரு தபா அத்த போட்டுகினு என் எதுர்ல வந்து நில்லு நைனா. பாக்குறேன்."

"உனக்கு வேற வேல இல்ல?" என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியேறினான். சென்ற மாதம் நடந்தது அது. அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

"கயட்டுங்கடா அத!" என்று தமிழரசு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தபோது, ரயில் நிலையப் பக்கமிருந்து நீலச் சீருடையில் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் சின்னப்பையன். அறுபத்திரண்டு வயது. இரவுக் காவலை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல், கண்கள் சிவக்க, ஒரு ரோஜா மாலையோடு வந்திருந்தார்.

தமிழரசு அவர்களை வழிமறித்தான். "கம்பெனி செக்யூரிட்டிங்களா? ஆபீஸ் ஸ்டாஃபு எல்லாம் எப்ப வராங்க? எம்.டி. வராரா? காரு நிக்க எடம் பாக்கணும்."

சின்னப்பையன் தமிழரசைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேல் தொங்கிய ஃபிளெக்ஸைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சற்று நேரம் பிடித்தது. படித்து முடித்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஆமா சார். ஐயாவோட கம்பெனிதான்" என்றார். "ஆபீஸருங்க பின்னால வருவாங்க சார்."

பின்னால் நின்ற இருவரும் தொப்பிகளைக் கழற்றினார்கள். மாலையைச் சாத்திவிட்டு, பந்தலில் காலியாகக் கிடந்த நாற்காலிகளை விட்டு விலகி, சுவரோரமாகப் போய் நின்றார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்கள், இன்னும் நின்றார்கள். குடியிருப்பின் வாயிலில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. அந்த விதி இப்போது நாகேந்திரனின் வீட்டுக்கும் வந்துவிட்டது.

'ஐயா' என்று சொல்லச் சொல்லி யார் கேட்டார்கள் அவரிடம்? சென்ற வெள்ளிக்கிழமை இதே மனிதரோடு ஒரே டம்ளரில் தேநீர் பகிர்ந்து குடித்தவன் நாகேந்திரன். ஒரு நாற்காலியை எடுத்துப்போய்ச் சின்னப்பையனின் முன்னால் வைத்தான்.

"உக்காருங்கண்ணே."

"இருக்கட்டுங்க ஐயா."

"அண்ணாத்தே, உக்காருன்றேன்ல!"

குரல் உடைந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. சின்னப்பையன் உட்கார்ந்தார்.

"தமிழு" என்றான் நாகேந்திரன், நண்பனைப் பார்க்காமல். "எம்.டி. யாரும் வரமாட்டாங்க. இவரு ராத்திரி ஷிப்டு. நான் பகலு. ரெண்டு பேருக்கும் ஒரே கேட்டு."

தமிழரசு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னா மாமே சொல்ற? அப்ப அந்தக் கோட்டு?"

"போன்ல மாட்டுனது."

நண்பர்களில் பூந்தமல்லியிலிருந்து விடியற்காலையே வந்து, பந்தலில் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த உஸ்மான் கனி, நிமிராமலே சொன்னான்:

"எனக்குத் தெரியும்டா. போன வருசம் அந்த அபார்ட்மெண்டுக்கு ஸ்கிரீன் துணி குடுக்க வந்தேன். கேட்ல நீ நின்னுகினு இருந்த. வண்டியத் திருப்பிகினு பின்பக்க கேட்டு வழியா பூட்டேன்."

"ஏன்டா பூட்ட?"

"நீ கூச்சப்படுவியேனுதான்டா."

நன்றி சொல்லத்தான் வேண்டும் என்று நாகேந்திரனுக்குத் தெரிந்தது. சொல்ல வரவில்லை. அந்த வாயிலில் ஒரு நாளைக்கு நூறு வண்டிகள் நின்று போகின்றன. ஒருவரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயர் தெரிந்த ஒருவன் வந்தான். அவனும் பின்வழியாகப் போய்விட்டான்.

"ஒரு தபா கூப்ட்டு இருக்கலாம்ல, கனி" என்றான்.

உஸ்மான் கனி அடுத்த பாட்டிலை எடுத்து வரிசையில் வைத்தான்.

தமிழரசு ஆட்களின் பக்கம் திரும்பினான். "இன்னும் இன்னாடா பாக்குறீங்க? கயட்டுங்க."

"வாணாம். இருக்கட்டும்" என்றான் நாகேந்திரன்.

சுரேகா ஓடிவந்து அவன் கையைப் பற்றினாள். "இன்னாங்க பேசுறீங்க? கட்டுனவ நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். கயட்டிடச் சொல்லுங்க."

"அது நான் இல்லடி."

"பின்ன யாரு?"

"யாரோ மேனேஜரு. அந்தாளும் அம்மாகூடவே பூட்டாரு. பால் ஊத்துற வரிக்கும் இருக்கட்டும்."

சரசா அத்தை பெட்டியின் பக்கம் திரும்பி, "ராஜம்மா, உன் புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் பூச்சிடி" என்று மறுபடி ஒப்பாரியைத் தொடங்கினாள்.

பதினொரு மணிக்குத் தமிழரசு வந்து, மனை பார்க்க ஒரு ஆள் காத்திருப்பதாகச் சொன்னான். "சுடுகாட்டுக்கு வரணும்னுதான் இருந்தேன் மச்சான்" என்றான். போகும்போது ஃபிளெக்ஸின் அடியில் நின்று ஒரு முறை மேலே பார்த்தான். இம்முறையும் அவன் பார்வை கீழ் வரிசையைத் தாண்டவில்லை. மாலை போட வருவதாகச் சொன்ன மற்றவர்கள் ஒருவரும் வரவில்லை. காலை ஒன்பது மணி வரை கூப்பிய கைகளாகக் குவிந்துகொண்டிருந்த வாட்ஸ்அப் குழுவில், அதன் பிறகு ஒன்றுமே இல்லை. நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ள, பந்தலில் ஒருவன் உண்மை பேசிய செய்தி கைமாறிப் போனதே போதுமானதாக இருந்தது.

ராஜம்மாவைத் தூக்கும்போது முன்னால் உறவினர் இருவரும், பின்னால் சின்னப்பையனும் உஸ்மான் கனியும் தோள் கொடுத்தார்கள். இரவெல்லாம் விழித்திருந்த சின்னப்பையனின் கால்கள் ஏரிக்கரைத் திருப்பத்தில் தள்ளாடின. மாற்றிக்கொள்ள ஆள் வந்தபோது அவர் விடவில்லை. கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த நாகேந்திரனுக்கு, பின்னால் இருவரும் பேசிக்கொள்வது கேட்டது.

"அந்தக் கேட்ல மழை வந்தா எங்க நிப்பீங்க?"

"மழையிலதான் நிப்போம் தம்பி."

மயானத்தில் நாவிதர் தலையையும் மீசையையும் மழித்தார். குளத்தங்கரையில் குளித்துவிட்டு எழுந்தபோது, உஸ்மான் கனி ஈரத்தோடு அவன் தோளைப் பிடித்தான்; துண்டைப் பிழிந்து நீட்டினான். நாகேந்திரன் அதை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் பால் ஊற்றினார்கள். அன்று மாலையே மேற்பார்வையாளரின் அழைப்பு வந்தது. பகலுக்கு ஆள் இல்லையென்றும், நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்குமென்றும் சொன்னார். தாய் செத்தாலும் மூன்று நாள்தான் சாக வேண்டும் போலும்.

நான்காம் நாள் காலை, சமையலறைக் கயிற்றில் சீருடை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ராஜம்மா கடைசியாகத் துவைத்துப் போட்டது. நாகேந்திரன் அதை எடுத்து உதறி, நடு வீட்டில் நின்று அணிந்துகொண்டான். துணிக்கடைப் பையை எடுத்து நீட்டிய சுரேகா, அவனைப் பார்த்ததும் பையைத் தானே மடித்து அலமாரியில் வைத்தாள். தொப்பியைப் போட்டான். மழித்த தலையில் அது நிற்காமல் காது வரை இறங்கியது.

தெருவில் ஃபிளெக்ஸ் இன்னும் இருந்தது. இரவு சுரேகா ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்திருக்கிறாள், முழுக்க முடியவில்லை. ஒரு பக்கம் சரிந்து, பொது மேலாளரின் கோட்டும் புன்னகையும் சாய்ந்து கிடக்க, கீழ் வரிசை அவன் கண் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. கைகூப்பிய பதினொரு பேருக்கு நடுவில், உள்ளங்கை அளவில், மங்கலான ராஜம்மா.

அவன் அதன் எதிரில் வந்து நின்றான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டான். தொப்பியை நிமிர்த்தினான், அது மறுபடி இறங்கியது, மறுபடி நிமிர்த்தி, கையாலேயே பிடித்துக்கொண்டான்.

தெருமுக்கில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்று ஒலியெழுப்பியது.

"செக்யூரிட்டி அண்ணே, வானகரமா?"

"இரு, வரேன்" என்றான். உடனே நகரவில்லை.