ஆட்டிடம் டி.சி. என்ன கேட்டார்?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜெஸி சிஸ்டர் போன் செய்தார். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு மாட்டுங்கா ஹால்ல மேடத்துக்கு நினைவுக் கூட்டம். நீங்க எழுதணும், இசக்கி வாசிக்கணும். அழுவாச்சி ஒண்ணும் வேண்டாம். மேடத்துக்குப் பிடிக்காது" என்றார். சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது.

மேடம் என்றால் டாக்டர் சேசம்மாள் தனசீலன். செம்பூரில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். அங்கே குறைமாதக் குழந்தைகளின் ஐ.சி.யூ.வை முப்பத்தோரு வருடம் கட்டி மேய்த்தவர். போன மாதம் ஒரு மத்தியானம், வார்டுக்குப் பக்கத்து அறையில் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

இசக்கி என் மகள். இப்போது பத்தொன்பது வயது. பிறந்தபோது எண்ணூற்று எழுபது கிராம். காலேஜில் ஈஷா என்று சொல்லிக்கொள்கிறாள். நான் பிரம்மநாயகம், தாராவியில் தோல்பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். இரண்டையும் என் மகள் வாசித்ததில்லை. அவளுக்குத் தமிழ் சரளமாகப் பேச வரும், வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். அதனால் நான் வாசிக்க வாசிக்க அவள் இந்தி எழுத்தில் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.

இதில் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் ஒரு பொய் இருக்கிறது, அதற்கும் பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை என் மகள் அதை மைக்கில் பெருமையாகச் சொல்லப்போகிறாள். அதற்கு முன்னால் நான் அவளிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் என்னை

(இந்த வாக்கியத்தை இப்போதைக்கு இப்படியே விடுகிறேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "மருத்துவத்தை ஒரு வேள்வியாகவே செய்து வந்த மாமனிதர்..."

அடித்துவிட்டேன். மேடம் கேட்டிருந்தால், "வேள்வின்னா புகை வரும்யா, ஐ.சி.யூ.ல புகை ஆகாது" என்றிருப்பார்.

இரண்டாவது: "குழந்தையைத் தொடும் முன் டாக்டர் சேசம்மாள் ஸ்டெதஸ்கோப்பைத் தன் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொள்வார்." இது உண்மை. நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இதற்கு அடுத்த வரியில் என்ன எழுதினாலும் மருந்துக் கம்பெனி காலண்டர் மாதிரி ஆகிவிடுகிறது.

மூன்றாவது: "என் அப்பா அறுபத்தோரு நாளும், ஒரு நாள்கூட விடாமல், என்னை நெஞ்சில் போட்டுக்கொண்டு கதை சொன்னார்." இது இசக்கி கொடுத்த வரி. சின்ன வயதிலிருந்து எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதிப் பரிசுகூட வாங்கினாள்.

அந்தப் பொய் இதுதான்.

3

நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மேடம் இல்லை.

குழந்தை கொஞ்சம் தேறியதும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டிவிடுவார்கள். அந்தச் சூட்டில் பிள்ளை வளரும். என் மனைவி பிரேமலதாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, வேறு மாடியில் எழுந்திருக்கவே கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். பட்டறையிலிருந்து நேராகப் போயிருந்தேன்.

"என்னய்யா இது, ஆளே தோலு வாடை அடிக்கீரு? போயி ரெண்டு தடவை சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வாரும். உம்ம பிள்ளையத் தாரேன்."

குளித்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றி அந்த நாற்காலியில் சாய்ந்தேன். ஜெஸி சிஸ்டர் பிள்ளையை என் நெஞ்சில் வைத்துக் கட்டினார். நான் வெட்டுகிற ஆபீஸ் பை காலியாக இருக்கும்போதே ஒரு கிலோவுக்கு மேலே இருக்கும். இது அதைவிடக் கம்மி. மூச்சு விடவே பயமாக இருந்தது.

"பேசும்" என்றார் மேடம்.

"என்ன பேச, டாக்டர்?"

"இன்னிக்கு என்ன செஞ்சீரோ அதச் சொல்லும். உம்ம சத்தம் அதுக்குத் தெரியணும்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதிமூணு இஞ்சு, ஒம்பது இஞ்சு, கைப்பிடி ரெண்டு, உள்பாக்கெட் ஒண்ணு" என்றேன்.

"அய்யே, பிள்ளையப் பையா தைக்கப் போறீரு?" வார்டே சிரித்தது.*

* பக்கத்து நாற்காலிக்காரரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் சொல்கிறேன். பிச்சையா அண்ணன், டாக்ஸி டிரைவர். தன் மகனுக்கு மாஹிமிலிருந்து ஏர்போர்ட் வரை ஒவ்வொரு சிக்னலாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பையன் இப்போது பைலட் ஆகியிருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். மொபைல் கடை வைத்திருக்கிறான்.

நான் கதை எழுதுகிறவன் என்று ஜெஸி சிஸ்டர் போட்டுக்கொடுத்துவிட்டார். அதன் பிறகு எனக்கு இஞ்சுக் கணக்கு தடை. கதைதான் சொல்ல வேண்டும். அதற்கு மேடம் ஒரு சட்டம் வைத்திருந்தார். எல்லா அப்பன்மார்களுக்கும் அதே சட்டம்தான்.

"கதைய முடிச்சிராதேயும். நடுவுல நிறுத்திட்டு எந்திரிச்சுப் போவணும். அப்பத்தான் மறுநாளு வருவீரு."

"என் பிள்ளையைப் பார்க்க வரமாட்டேனா, டாக்டர்?"

அவர் என் நெஞ்சில் கிடந்த பிள்ளையின் காலை ஒரு விரலால் மூடிவிட்டுப் போய்விட்டார். எத்தனை அப்பன்மாரைப் பார்த்திருப்பார்!

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ஆட்டுக்கதை. வடாலா ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கிய ஒரு வெள்ளாடு, தெரியாமல் ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில் ஏறிவிடுகிறது. பத்தாம் நாள், டிக்கெட் கேட்டுக்கொண்டு டி.சி. வந்துவிட்டார். "டி.சி. ஆட்டைப் பார்த்து என்ன கேட்டார்னா..." என்று சொல்லி நிறுத்திவிட்டு எழுந்தேன். சட்டம் சட்டம்தானே.

4

இங்கே ஜிலேபி வருகிறது.

ஒரு பிள்ளை ஒரு கிலோவைத் தொட்டால் அந்த அப்பன் வார்டுக்குச் சரியாக ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வர வேண்டும். ஐம்பது கிராம் கூடினாலும் மேடம் கத்துவார். வெளி அறையில் வைத்து, இடது கையில் ஜிலேபிப் பெட்டி, வலது கையில் துணி சுற்றிய பிள்ளை என்று நின்றுகொண்டு, கண்ணை மூடித் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே கனம்!" என்று தீர்ப்புச் சொல்வார். அதைக் கேட்க மாடியிலிருந்தெல்லாம் ஆள் வரும். பெட்டியைப் பிரித்ததும் முதல் துண்டு அவருக்கு. அவருக்குச் சர்க்கரை வியாதி. யாரும் வாயைத் திறக்க முடியாது.

எங்கள் முறை வந்தபோது நான் அவரிடம், "பிள்ளைக்கு உங்க பேரை வைக்கலாம்னு இருக்கோம்" என்றேன்.

"வேண்டாம்யா. தாராவியில எனக்குத் தெரிஞ்சே பதினேழு சேசம்மா இருக்கு. உங்க குலசாமி பேர வையும். அது வாடகை கேக்காது."

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆடு டி.சி.யிடம் மாட்டியது பத்தாம் நாள். ஜிலேபி முப்பத்திரண்டாம் நாள். நடுவில் இருப்பதைத் தாண்டிவிடலாம் என்று ஜிலேபியை முன்னால் இழுத்துப் போட்டேன். தித்திப்பைக் காட்டி ஏமாற்றுகிற வேலை. மன்னியுங்கள்.

5

பத்தாம் நாள் சாயங்காலம், நான் எழுந்து சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, மேடம் ரிப்போர்ட்டோடு வந்தார். பிள்ளைக்கு ரத்தத்தில் கிருமி. மறுபடி மூச்சு மெஷின். "ரெண்டு நாளு போவட்டும்யா, அப்புறம் சொல்லுதேன்" என்றார்.

மறுநாள் காலையில் நான் மருத்துவமனைக்குப் போகவில்லை. பிரேமலதாவிடம் போனில் பட்டறையில் அவசர ஆர்டர் என்று சொல்லிவிட்டு, சயானில் வண்டியேறிக் கல்யாணில் போய் இறங்கினேன். தெற்கே போகிற வண்டிக்கு ஒரு ஜெனரல் டிக்கெட் எடுத்தேன். வண்டி வந்தது. ஏறவில்லை. திரும்பியும் போகவில்லை. அன்றைக்கும் மறுநாளும் அந்த பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவது நிற்கும்போது நான் அங்கே இருக்கக் கூடாது. அதுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா என்று மூன்று நாளாக எழுதிப் பார்த்துவிட்டேன். இல்லை. நான் பயந்து ஓடினேன்.

பன்னிரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு போன் அடித்தது.

"பிரம்மநாயகமா? சேசம்மா பேசுதேன்."

முடிந்தது என்று நினைத்தேன்.

"டி.சி. ஆட்டுகிட்ட என்னய்யா கேட்டான்?"

"டாக்டர்?"

"நடுவுல விட்டுட்டுப் போயிட்டீரே. நானும் ரவுண்ட்ஸ் போம்போதெல்லாம் யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் பிடிபட மாட்டேங்கு. என்ன கேட்டான்?"

"தெரியலை, டாக்டர்."

"தெரியலைன்னா இங்க வந்து உக்காந்து யோசியும். வண்டிச் சத்தம் கேக்கே, எந்த ஸ்டேஷன்?"

"கல்யாண்."

"ஃபாஸ்ட் வண்டியப் பிடிச்சு வாரும்."

அவ்வளவுதான். ஏன் ஓடினாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. டி.சி. கேட்டதைச் சொல்லாமலே நான் கதையை இழுத்துக்கொண்டு போனேன், பார்க்கும்போதெல்லாம் ஆட்டை மட்டும் விசாரிப்பார். போன தீபாவளிக்குக்கூட, "ஆடு இப்ப எங்கய்யா?" என்றார். "கர்ஜத் தாண்டி மலையேறப் போகுது, மேடம்." "பாத்துய்யா, குகை வரும், பயந்துரும்."

6

இன்று சனிக்கிழமை. காலையில் ஐந்தாம் பகுதிவரை இசக்கிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வந்தவள், கல்யாண் வந்ததும் பேனாவை மூடிவிட்டாள்.

"ஸச் மே, பப்பா? நிஜமாவா?"

"ஆமாம்மா."

"ரெண்டு நாளு? நான் மெஷின்ல இருக்கும்போதா?"

"ஆமா."

அடுப்பைப் பார்த்து நின்ற பிரேமலதா திரும்பாமலே, "எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த வாரம் பட்டறையில கரண்டே இல்ல. உங்க தம்பி ஹரி ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிட்டுப் போனான். அவசர ஆர்டராம்!"

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். இன்னிக்குத்தான் வாய் தொறந்திருக்கு."

(இப்படி ஒரு பாத்திரத்தை நானாக எழுதியிருந்தால் நம்பமாட்டீர்கள்.)

இசக்கி கேட்டாள், "அப்ப என்கிட்ட யாரு இருந்தா?"

மேடம் இருந்தார். அதை ஜெஸி சிஸ்டர் எனக்கு அப்போதே சொல்லியிருந்தார். டியூட்டி முடிந்த பிறகு, கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, பிள்ளையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்டுக்கதை சொல்லப் பார்த்தாராம். "மேடத்துக்குக் கதை சொல்ல வரவே வராது, அண்ணாச்சி. ஆட்டுக்குக் காய்ச்சல் வந்துச்சாம், ஊசி போட்டாங்களாம், சரியாப் போச்சாம். ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. அவங்க கதையில எல்லாரும் பிழைச்சிருவாங்கல்ல, அதான். அப்புறம் பிள்ளைகிட்ட சாரி கேட்டாங்க. உங்க அப்பா வரட்டும், அவருதான் நல்லா இழுப்பாருன்னு."

இதை அப்படியே சொன்னேன். இசக்கி நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே போய்விட்டாள்.

7

ஆகவே இந்தக் கதைக்கு இப்போது முடிவு இல்லை. மத்தியானம் முழுக்கச் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

இசக்கி திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொள்கிறாள். (அடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. அதற்கு இடமும் கிடையாது.)

இசக்கி நாளைக்கு வரவே இல்லை. ஜெஸி சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதை வாசிக்கிறார். நான் கடைசி வரிசையில் (இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நியாயமான முடிவு இதுதான் என்று பட்டது. ஓடிப்போனவனுக்கு வேறென்ன கிடைக்கும்?)

மூன்றாவது முடிவுக்குப் பேனாவை எடுத்தபோது போன் அடித்தது. மணி நான்கு இல்லை, ஐந்தரை. கதைக்காக மாற்ற ஆசைதான், மாற்றவில்லை.

"பப்பா."

"சொல்லும்மா." பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"டி.சி. ஆட்டுகிட்ட என்ன கேட்டான்?"

அழுதேன். ஜெஸி சிஸ்டர் அழுவாச்சி வேண்டாம் என்றார், இருந்தாலும் நடந்ததைத்தானே எழுத முடியும். சந்தோஷத்தில்தான் அழுதேன், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

"எங்கம்மா இருக்கே?"

"வடாலா ஸ்டேஷன். ஃப்ரெண்டு வீட்டுல உக்காந்து கோவப்பட்டேன். ஹோ கயா, கோவம் தீந்துருச்சு. இப்ப வர்றேன். சுனோ பப்பா, 'ஒரு நாள்கூட விடாம'ங்கிறத அடிச்சிட்டேன். ரெண்டு நாளு ஓடிட்டாரு, அப்புறம் ஃபாஸ்ட் வண்டியில வந்தாருன்னு போட்டிருக்கேன். நாளைக்கு மேடத்தோட அந்த போன் வரைக்கும் நான் படிக்கிறேன். அதுக்கப்புறம் மைக் உங்க கையில."

"நான் என்ன பேச?"

"ஆட்டுக்கதைதான். ஹால் ஃபுல்லா மேடத்தோட பிள்ளைங்க வர்றோம். எல்லாரும் கேக்கணும்."

"எனக்கே இன்னும் தெரியாதேம்மா!"

"தெரியலைன்னா அங்க வந்து நின்னு யோசிங்க."

போனை வைத்துவிட்டாள். அடுப்படியில் பிரேமலதா சிரிக்கும் சத்தம் கேட்டது.

முதல் பகுதியில் பாதியில் விட்ட வாக்கியத்துக்கு இனி வேலை இல்லை. அதை அப்படியே விட்டுவிடுகிறேன். நாளை மாட்டுங்காவுக்கு வர முடியாத வாசகரே, உங்களுக்கு என்னால் முடிந்தது இதுதான். உங்கள் நெஞ்சில் எப்போதாவது ஒரு சின்ன உயிர் கிடந்தால் மீதியை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். தோலைப் பற்றியும் பேசலாம், சிக்னலைப் பற்றியும் பேசலாம். முடிக்க மட்டும் கூடாது. என்னுடைய டி.சி., கறுப்புக் கோட்டைக் கழற்றி, ஈரத்தில் நடுங்கிய ஆட்டின் மேல் போர்த்திவிட்டார். ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆட்கள் முணுமுணுத்ததைக் கண்டுகொள்ளாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அதன் காதருகே குனிந்து,