பூட்டாத வீட்டுக்கு ஒரு கட்டணம்

பார்சல் கம்பெனியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் கட்டிங் மாஸ்டர் ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். உங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்தோம், மூன்று முறையும் வீடு பூட்டியிருந்தது. ஆகவே திரும்பத் திரும்ப வந்ததற்கு ஒரு கட்டணம், கிடங்கில் வைத்திருந்ததற்கு வாடகை, இரண்டுக்கும் சேர்த்து வரி. நாளை மாலைக்குள் கட்டாவிட்டால் பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

பார்சலுக்குள் இருந்தது மாஸ்டரின் வலது கால்.

முழங்காலுக்குக் கீழே மாட்டுகிற செயற்கைக் கால். நிஜக் கால் போனது பழைய கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம். கணுக்கால் மூட்டு ஆட்டம் கண்டதால், செய்து கொடுத்த பட்டறைக்கே பழுது பார்க்க அனுப்பியிருந்தார். அவர்களும் சரிசெய்து, போகவர பார்சல் கூலியை முன்னாலேயே கட்டி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மாஸ்டர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். கீழே ஒரு வண்டி நின்றால் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். கதவை உள்ளே தாழ்கூடப் போடுவதில்லை, எழுந்துபோய்த் திறக்க நேரமானால் வந்தவன் போய்விடுவானே என்று.

அப்பேர்ப்பட்ட மனிதரைப் பார்த்து வீட்டில் இல்லை என்கிறான். கால் இவனிடம் இருக்கிறது, அவர் எங்கே போய்விட்டார் என்று வேறு கேட்கிறான்.

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். அவள் வேலை முடிந்து வந்து பையை வைப்பதற்குள் கைப்பேசியை நீட்டினார். அவள் படித்தாள். பிறகு, வாயிலிருந்து வந்திருக்கக் கூடாத ஒரு கேள்வி வந்தது.

"ஒருவேளை தூங்கிட்டீங்களோ?"

மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. "மூணு நாளும் தூங்கிட்டேனா?"

"கேட்டேன், அவ்வளவுதான். விடுங்க. காசைக் கட்டி வாங்கிட்டு வந்துடலாம். நாளன்னைக்கு நீங்க வேலைக்குப் போகணும்ல."

அதுதான் சங்கதி. தையல் கடையில் வெட்டுகிற மேசை இடுப்பு உயரம். துணியை விரித்து, கோடு போட்டு, கத்திரியை ஓட்ட நாளெல்லாம் நிற்க வேண்டும். ஒரு கையில் ஊன்றுகோல் இருந்தால் கத்திரி எந்தக் கையில்? முதலாளி நல்ல மனிதர், இத்தனை நாள் தற்காலிகமாக ஒரு ஆளை வைத்துச் சமாளித்தார். ஆனால் சீருடைத் துணி மொத்தமாக வந்து இறங்கிவிட்டது. "நாளன்னைக்குக் காலைல மேசைக்கு வந்துடுங்க மாஸ்டர். இல்லேன்னா இவரையே வச்சுக்க வேண்டியதுதான், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, மாஸ்டரும் அப்படித்தான் செய்திருப்பார்.

ஆக, கால் வேண்டும். நாளைக்கே வேண்டும். ஆனால் கட்டணம் கட்டினால் வீட்டில் இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அது மாஸ்டரால் ஆகாது. நாள் முழுக்க ஒரே நாற்காலியில் கிடந்தவரை, ஆளே இல்லை என்று எவனோ ஒருவன் ஒரு பொத்தானை அமுக்கித் தீர்த்துவிட்டான்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் தேனொழுகச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்ததும் மறுபடியும் முக்கியம் என்றது. அந்த முக்கியத்துவம் தாங்காமல் அணைத்துவிட்டார்.

மறுநாள் காலை மனைவி விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு ஊன்றுகோலையும் அவளிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றி ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கினார். தெருவுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்ததும் மனைவி தன் கைப்பையைத் திறந்து பணம் இருக்கிறதா என்று பார்த்தாள். மாஸ்டர் பார்க்காதது மாதிரி வெளியே பார்த்தார்.

பார்சல் அலுவலகம் ஒரு பெரிய தகரக் கொட்டகையின் முன்பக்கம். உள்ளே அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்க, எங்கு பார்த்தாலும் ஒட்டு நாடாவின் வாசம். வரிசையில் ஏழெட்டுப் பேர். முறை வந்ததும் கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, தொகையைச் சொன்னாள்.

"கட்ட மாட்டேன்மா" என்றார் மாஸ்டர். "நான் வீட்டுலதான் இருந்தேன்."

"மூணு தடவை வந்ததா பதிவாகியிருக்கு சார். நீங்க அந்த நேரம் வெளியில போயிருப்பீங்க."

"பார்சல்ல என்ன இருக்குன்னு போட்டிருக்கு, கொஞ்சம் வாசி."

அவள் திரையைப் படித்தாள். பிறகு எக்கி, கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் தொங்கிய மடித்த கால்சட்டையைப் பார்த்தாள்.

"எத்தனாவது மாடி சார்?"

"மூணு."

"லிஃப்ட்?"

"இல்ல."

அவளுக்குப் புரிந்துவிட்டது, பின்னால் நின்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. மாஸ்டர் ஊன்றுகோலைக் கவுன்ட்டரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு கால் இருக்கிறவர் ஏறாத படியை நான் ஒத்தக் கால்ல இறங்கி வந்திருக்கேன்மா. இதுல யாரு யாருக்குக் கட்டணம் கட்டணும்னு நீயே சொல்லு."

அவள் எழுந்துபோய் மேலாளரை அழைத்து வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி குடித்த காப்பி. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் பூசி மெழுக ஆரம்பித்தார்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு அது இதுன்னு யாராச்சும் கூட்டிட்டுப் போயிருக்கலாம் இல்லையா? எங்க ஆளு பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?"

"மூணு மாடி" என்றார் மாஸ்டர்.

"சரி, பாதி கட்டுங்க."

"முடியாது."

வரிசை நீண்டுகொண்டே போனது. மேலாளர் அதைப் பார்த்தார், காப்பியைக் கீழே வைத்தார். "பாருங்க, மனிதாபிமான அடிப்படையில முழுசாவே தள்ளுபடி பண்ணிடறேன். இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் பார்சலை எடுத்துட்டுப் போங்க."

மனைவிக்கு உயிர் வந்தது. "சரிங்க, ரொம்ப நன்றி" என்று தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவையும் எடுத்துவிட்டாள். பில் போடுகிறவளுக்கு எதையும் படிக்காமல் நகர்த்திப் பழக்கமில்லை. படித்தாள். மூன்று முறையும் நான் வீட்டில் இல்லாததால் பார்சலைப் பெற இயலவில்லை, கம்பெனியின் கருணையால் கட்டணம் விலக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"இதுல இவர் கையெழுத்து போட மாட்டாரு" என்றாள்.

மாஸ்டர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"அம்மா, காசே வேணாங்கிறேன். அப்புறம் என்ன?"

"காசு கிடக்கட்டும் சார். நான் காலைல வேலைக்குக் கிளம்புறப்ப இந்த மனுஷன் ஜன்னல்ல உக்கார்ந்திருப்பாரு. சாயங்காலம் தெருமுனை திரும்புறப்ப அதே ஜன்னல்ல அதே தலை தெரியும். மத்தியானத்துக்கு வச்சிட்டுப் போன சோறு அப்படியே இருக்கும், அடுப்படிக்குப் போற நேரத்துல நீங்க வந்துட்டா என்ன பண்றதுன்னு. இவரை வீட்டுல இல்லைன்னு எழுதித் தர நான் சம்மதிக்க மாட்டேன். நேத்து நானே ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுட்டேன். அது போதும்."

மாஸ்டருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிப்பதுபோல் குனிந்தார். குனிந்தவர் நிஜமாகவே படித்துவிட்டார். பெறும் முன் பொருளைத் திறந்து, நல்ல நிலையில் உள்ளதா எனச் சரிபார்த்துக்கொள்ளவும்.

"சரி" என்றார், ரொம்பச் சாதுவாக. "பெட்டியைக் கொண்டாங்க. சரிபார்க்கணும்ல."

அதை மறுக்க மேலாளருக்கு வழியில்லை. பெட்டி வந்தது. மனைவி ஒட்டு நாடாவைக் கிழித்தாள். கவுன்ட்டர் பெண், யாரும் கேட்காமலே, ஒரு நாற்காலியை வெளியே எடுத்து வந்து போட்டாள். மாஸ்டர் உட்கார்ந்து கால்சட்டையைச் சுருட்டி, மனைவியின் பையிலிருந்த துணியுறையை முழங்காலுக்குக் கீழே மாட்டி, காலைப் பொருத்தி, வாரை இழுத்துக் கட்டினார். எழுந்தார். குதிகாலை ஊன்றினார், விரல்பக்கம் ஊன்றினார். பழைய ஆட்டம் துளியும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட, சுவர் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். எத்தனை நாளாயிற்று. உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது, சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்.

"நல்ல நிலைல இருக்கு" என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். "கிளம்பலாமா?"

"நில்லுங்க, நில்லுங்க" என்று மேலாளர் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வந்தார். "கட்டணமும் கட்டல, கையெழுத்தும் போடல. அதைக் கழட்டி வச்சிட்டுத்தான் போகணும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வரிசையில் யாரோ, "ஏன் சார், நீங்களே கழட்டுங்களேன்" என்றார். இன்னொருவர் சிரித்தார். கவுன்ட்டர் பெண் திரையை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

மாஸ்டர் நின்ற இடத்தில் நின்று காத்திருந்தார். வேண்டுமானால் குனிந்து வாரை அவிழ்த்துக்கொள்ளட்டும் என்பதுபோலக் காலைச் சற்று முன்னால்கூட வைத்தார். மேலாளரின் கை அசையவில்லை. மனைவி ஊன்றுகோல்கள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"கட்டணம் உங்க பேர்ல அப்படியே நிக்கும்" என்றார் மேலாளர்.

"நிக்கட்டும். நாளைலேர்ந்து நானும் நிக்கத்தான் போறேன்."

"வசூல் பண்ண வீட்டுக்கு ஆள் வருவாங்க."

"தாராளமா வரட்டும்" என்றார் மாஸ்டர், கதவைத் தள்ளிப் பிடித்து மனைவிக்கு வழிவிட்டபடி. "மூணு மாடி ஏறுற ஆளா பார்த்து அனுப்புங்க. ஆனா சாயங்காலத்துக்கு மேல வரச் சொல்லுங்க. நாளைலேர்ந்து பகல்ல வீடு பூட்டித்தான் இருக்கும்."