கண்ணா, கம்பியா?

இருபத்தாறு ஆண்டுகள் சிறு பிசகும் இல்லாமல் ரயில் ஓட்டியவர், நாற்பத்து மூன்று அங்குலத் தொலைக்காட்சியின் முன்னால் தடம் புரண்டு உட்கார்ந்திருந்தார்.

அது வீட்டுக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் கடை கடையாக ஏறி இறங்கி, இவர் தலையைக் கண்டாலே விற்பனையாளர்கள் பின்கட்டுக்கு ஓடும் அளவுக்குக் கேள்வி கேட்டு வாங்கிய பெட்டி. கடையில் அதன் திரையில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. அதன் இறகுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. வீட்டிலோ, செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. அடியில் ஓடிய எழுத்துகள் மழையில் நனைந்த சுவரொட்டியாகக் கரைந்து ஓடின.

டிரைவர் யோசித்தார். பெட்டி அதே பெட்டி. கடையில் ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தோம். வீட்டில் நாலு முழம் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். ஆகவே தூரப் பார்வை போய்விட்டது. நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுப் பார்த்தார். படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. சரிதான், கிட்டப் பார்வையும் போய்விட்டது!

வேறொருவராக இருந்தால் மூக்குக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். இவருக்குத் திங்கட்கிழமை காலை ரயில்வே மருத்துவமனையில் கண் பரிசோதனை இருந்தது. தேறினால் எஞ்சின், தவறினால் அலுவலகத்தில் ஒரு மேசை. அதற்காகத்தான் அந்த வாரம் விடுப்பே எடுத்திருந்தார். போன வாரம்வரை சிக்னல் விளக்குகள் துல்லியமாகத் தெரிந்தனவே என்று மனத்தின் ஒரு பாதி சொல்லும். 'தெரிந்ததா, பழக்கத்தில் தெரிந்ததாக நினைத்துக்கொண்டாயா?' என்று மறு பாதி குடையும்.

தம் கண்ணைத் தாமே சோதிக்க, நாளுக்கு மூன்று மணி நேரம் இமை கொட்டாமல் திரையை முறைத்தார். ரிமோட்டை எடுத்துக் கூர்மை என்னும் அளவை எஞ்சின் விசையைக் கூட்டுவதுபோல் ஏற்றி, நூறில் கொண்டுபோய் நிறுத்தினார். அதன் பிறகு திரையில் வந்த எல்லோரையும் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு இழுத்தாற்போல ஒரு வெள்ளை விளிம்பு ஒட்டிக்கொண்டது. கண்கள் சிவந்து நீர் வடிந்ததுதான் மிச்சம். எருமைகள் இறங்கிக் கலக்கிய குளத்தில் மீன் தெரியாத கொக்கொன்று, தன் கண்ணில் புரை விழுந்துவிட்டதென்று கரையேறி அழுததாம். அதைக் கேட்டு மீன்களெல்லாம் சேற்றுக்குள் சிரித்தனவாம். டிரைவரின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

வீட்டாரிடம் மனம் விட்டுக் கேட்டிருக்கலாம். அவர் கேட்ட விதம் வேறு.

"ஸ்கோர் என்னம்மா?" என்பார், கால்பந்தாட்டம் ஓடும்போது.

"ரெண்டுக்கு ஒண்ணு. எழுபத்தி நாலாவது நிமிஷம்பா," என்று சோபாவின் மூலையிலிருந்து மகள் குரல் வரும்.

"இப்ப பேசறது யாரு?"

"நிதி மந்திரி. வேற யாரு இவ்வளவு இழுத்து இழுத்துப் பேசுவாங்க?" என்பாள் மனைவி, துணி மடித்தபடி.

ஆக, எல்லோருக்கும் தெரிகிறது. தமக்கு மட்டும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டார். பரிசோதனையில் பிடிபட்டு இறங்குவதைவிடத் தாமே சொல்லிவிட்டு இறங்குவது கௌரவம். 'என் பார்வையில் எனக்கே ஐயம் ஏற்பட்டிருப்பதால் என்னை ஓட்டுநர் பணியிலிருந்து விடுவிக்குமாறு' என்று எழுதி, கையெழுத்திட்டு, உறையில் போட்டார். அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லி, மறுநாள் பிற்பகல் தம் உதவி டிரைவரை வீட்டுக்கு அழைத்தார்.

உதவி டிரைவருக்குப் பணிமனையில் 'எதிரொலி' என்று பெயர். எஞ்சினில் ஒரு முறை உண்டு. சிக்னலை முதலில் பார்ப்பவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தம் கண்ணாலும் பார்த்த பிறகே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமில்லை. பதினொரு ஆண்டுகளில் எதிரொலி தாம் காணாத நிறத்தை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஒரு மூடுபனிக் காலையில் மூன்று தடவை "தெரியல" என்று சொல்லி, டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர்.

அவர் வந்து உட்கார்ந்தார். காப்பி குடித்தார். உறை டிரைவரின் சட்டைப்பையில் கனத்தது. தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்துவிடலாமென்று உறையில் கை வைத்த டிரைவருக்கு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவோமே என்று தோன்றியது.

"அந்த மேல் மூலை. என்ன இருக்கு, சொல்லு." குரல் தானாகவே எஞ்சின் குரலாகிவிட்டது.

எதிரொலி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கினார். எழுந்து இரண்டடி முன்னே போனார்.

"தெரியலண்ணே."

"விளையாடாத."

"சத்தியமா தெரியலண்ணே. மூணா எட்டான்னே புரியல. பந்து எங்கன்னும் தெரியல. இருபத்திரண்டு பேரும் எதையோ தொலைச்சிட்டுத் தேடற மாதிரி இருக்கு."

டிரைவரின் நெஞ்சில் ஐந்து நாளாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கத் தொடங்கியது.

"இன்னொரு தடவ சொல்லு."

"தெரியல!"

"உன் வாய்க்குச் சர்க்கரதான்டா போடணும்!" என்றவர் மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எனக்கு எங்கப்பா தெரிஞ்சுது? போன்ல பாத்து சொன்னேன்."

"நீ?"

"நான் குரல வெச்சு சொன்னேங்க," என்றாள் மனைவி. "அதுல எல்லா மூஞ்சியும் ராத்திரியே ஊறப்போட்ட மாதிரி இருக்கு. ஆறு மாசம் அலைஞ்சு வாங்கினீங்க. வாயத் தொறந்து சொன்னா மனசு ஒடஞ்சிடுவீங்கன்னு நாங்க ரெண்டு பேரும் பல்லக் கடிச்சிட்டு இருந்தோம்."

எதிரொலி அதற்குள் தொலைக்காட்சியின் பின்னால் தலையை விட்டிருந்தார். அங்கிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"அண்ணே, இந்த மஞ்ச, சிவப்பு, வெள்ளக் கம்பி எந்தக் காலத்து ஆசாமி?"

"பழைய டிவியோடது. நல்லா ஓடறத எதுக்குக் கழட்டணும்?"

"அது சரி. இதுல படம் மங்கலாத்தான் வரும். டிஷ் பெட்டியோட இதுக்குன்னே புதுசா ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் குடுத்திருப்பாங்களே?"

கொடுத்திருந்தார்கள். அட்டைப் பெட்டியில், உறை பிரிக்காமல், பரண்மேல் பத்திரமாக இருந்தது. டிரைவர் வேலை செய்யும் எதையும் மாற்றமாட்டார். வேலை செய்யாத எதையும் எறியமாட்டார்.

எதிரொலி கம்பியை மாற்றினார். நூறில் நின்ற கூர்மையைப் பதினைந்துக்கு இறக்கினார். அகலத் திரைக்காக இழுத்து உப்பவைத்திருந்த படத்தை அதன் சொந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. ஆட்டக்காரர்கள் ஒரே நொடியில் இளைத்தார்கள்.

"கடையில போட்டுக் காட்டற படம் மாதிரி வராதுண்ணே. அது பெரிய திரைக்குன்னே எடுத்த படம். நம்ம வீட்டுக்கு வர்றது சாதா சானல். கைக்குட்டைய இழுத்துக் கட்டில் மேல விரிச்சா நூல் தெரியத்தானே செய்யும்? நாற்காலிய இன்னும் கொஞ்சம் பின்னால போடுங்க."

டிரைவர் நாற்காலியைச் சுவர் ஓரம்வரை தள்ளினார். உட்கார்ந்தார். உரக்கச் சொன்னார்:

"மூணுக்கு ரெண்டு! அறுபத்தி எட்டாவது நிமிஷம்!"

எதிரொலி பார்த்தார். பார்த்த பிறகே சொன்னார்: "மூணுக்கு ரெண்டு. அறுபத்தி எட்டு."

"மூணுக்கு ரெண்டு," என்று மகளும் சொன்னாள், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

"சரி, என்னமோ குடுத்தனுப்பணும்னு கூப்பிட்டீங்களே, என்னண்ணே?"

டிரைவர் சட்டைப்பையைத் தடவினார். "அதுவா? ஒண்ணுமில்ல. இன்னொரு காப்பி குடிக்கக் கூப்பிட்டேன்."

அவர் போன பிறகு, டிரைவர் அந்தக் கடிதத்தை விரித்தார். பழைய மூவர்ணக் கம்பியைச் சுருட்டி அதற்குள் வைத்து மடித்து, நூல் கட்டிப் பரண்மேல் ஏற்றினார்.

"என்னங்க அது, எழுதின காகிதம் மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி.

"பழைய காகிதம்தான். கம்பியில தூசி படக்கூடாதில்ல?"

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தொலைக்காட்சியை அணைத்து வைத்துவிட்டுத் தூங்கினார். கண்ணின் சிவப்பு வடிந்தது. திங்கட்கிழமை கண் மருத்துவர் பலகையைக் காட்டி, "கடைசி வரியை வாசிங்க," என்றார். டிரைவர் வாசித்தார். வாசித்த வேகத்தில் நிற்காமல், பலகையின் அடியில் எறும்பு வரிசையாக அச்சிட்டிருந்த அச்சகத்தின் பெயரையும் ஊரையும் உரக்கச் சொன்னார்.

மருத்துவர் எழுந்து பலகையருகே போய்க் குனிந்தார். "அட, ஆமாம்," என்றார்.