அகத்தா வீட்டுப் புற்று

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். 1976ஆம் ஆண்டு, பாடாங் செராய்க்குப் பக்கத்தில் அகத்தா வீட்டுக் கொல்லையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன கறையான் புற்று, அறுபது மைல் வடக்கே வயல்காட்டு ஊரான ஜித்ராவிலிருந்து ஒன்பது நாளில் நடந்து வீடு வந்து சேர்ந்தது. உச்சியில் இரண்டு நெற்கதிர்கள் ஒட்டியிருந்தன.

ரப்பர்த் தோட்டத்து ஓரப் பலகை வீட்டில் அகத்தாவும் தங்கை ஜோசபினும் இருந்தார்கள். 1971இல் ஒரு கிறிஸ்துமஸ் சேலைக்காக இருவருக்கும் வாய்ச்சண்டை வந்தது. யார் கிளம்பினாலும், ரொட்டிக்காரரே ஆனாலும், வேலிக்கதவைத் திறந்து "போயிட்டு வாங்க" என்று அனுப்புகிற அகத்தா, அன்று தங்கையைப் பார்த்து "போ" என்றாள். வீட்டிலிருந்த ஒரே குடையை, முறிந்த கம்பியை வெள்ளை நூலால் கட்டிய நீலக் குடையை, எடுத்துக்கொண்டு ஜோசபின் கோலா கெத்தில் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். கடிதம்கூட வரவில்லை. மூன்றாம் மாதம் கொல்லையில் புற்று கிளம்பியது. ஐந்து வருடத்தில் ஆள் உயரம் வளர்ந்து, வீட்டுத் தூண்களில் இரண்டைத் தின்றுவிட்டது. வீடு விழுந்துவிட்டால் தங்கை எங்கே திரும்பி வருவாள் என்பதுதான் அகத்தாவின் கவலை.

வெந்நீருக்கும் மண்ணெண்ணெய்க்கும் புற்று அசையவில்லை. தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற பக்கிரிசாமி வந்து அடியோடு பெயர்த்துக் கைவண்டியில் ஏற்றினார். பக்கத்து வீட்டு மருதம்மாள் பாலும் முட்டையும் கொண்டுவந்து கும்பிட்டாள். அகத்தா மாதா கோயில்காரி, புற்றைக் கும்பிட மாட்டாள். ஆனால் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து "போயிட்டு வாங்க" என்றாள். ஆற்றங்கரையில் கொட்டியது மறுநாளே பழைய இடத்தில் நின்றது. கோலா கெத்திலில் கொட்டியது மூன்றாம் நாள் வந்தது. பிறகுதான் லோரியில் ஜித்ரா; அங்கிருந்தும் ஒன்பதாம் நாள் வந்துவிட்டது. சாலையில் நடந்து வருகிற புற்றுக்கு வழிவிட பஸ்காரர்கள் பழகிக்கொண்டார்கள்.

"யக்கா, நான் கொண்டுபோய்க் கொட்டிட்டே இருக்கேன், நீங்க வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டே இருக்கீங்க," என்றார் பக்கிரிசாமி. "ஒரே ஒரு தடவ 'போ'ன்னு சொல்லுங்க லா. என் இடுப்பாவது பொழைக்கட்டும்."

"அந்த வார்த்தைய ஒரு தடவ சொல்லிட்டேன், தம்பி. சொன்னபடியே நடந்துருச்சு."

"அப்ப வீடு?"

அகத்தா மூன்றாம் தூணைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லாத சத்தம். "சரி, ஏத்து," என்றாள். வண்டி வேலிக்கதவைத் தாண்டும்போது புற்றிடம் மெல்லச் சொன்னாள்: "போயிட்டு வாங்க. அவசரமில்ல. வழியில என் தங்கச்சியப் பார்த்தா, அக்கா 'போயிட்டு வா'ன்னுதான் சொல்லியிருக்கணும்னு சொன்னாள்னு சொல்லுங்க."

ஏழு வருடம் புற்று வரவில்லை. பக்கிரிசாமி தூண்களை மாற்றிக் கொடுத்தார். புற்றும் இல்லாத கொல்லை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ரொட்டிக்காரர் இறந்துபோனார். வழியனுப்ப ஆளில்லாமல் வேலிக்கதவின் கீல் துருப்பிடித்தது. அகத்தா இரண்டு தட்டு வைத்து ஒன்றில் சாப்பிட்டாள்.

1983 நவம்பரில், கொட்டுகிற மழையில், புற்று வந்து சேர்ந்தது. ஒரு துளியும் கரையவில்லை. உச்சியில் அந்த நீலக் குடை விரித்துச் செருகியிருந்தது. முறிந்த கம்பியில் புது நூல். ஜோசபின் போடுகிற இரட்டை முடிச்சு. அகத்தா அந்த முடிச்சைத் தடவினாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

"அங்க அவ நனைவாளே," என்று துருவேறிய கதவைத் தள்ளித் திறந்தாள். "குடையக் குடுத்துட்டு, போயிட்டு வாங்க."

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை குடை போகிறது, வருகிறது. ஜோசபின் வரவில்லை. புற்று எங்கே போகிறது என்று யாரும் பின்னாலேயே போய்ப் பார்த்ததில்லை. அது அக்கா தங்கை விஷயம்.

உங்கள் வீட்டுத் தூண்கள் உறுதியாக நிற்கட்டும், கண்ணுகளா. உங்கள் வாசலைத் தாண்டுகிற ஒவ்வொருவரும் திரும்பி வருகிறவராகவே இருக்கட்டும். மழை விட்டிருக்கிறது, போயிட்டு வாங்க.