லென்ஸுக்கு இடப்பக்கம்

அவன் படம் முடிந்து விளக்கு எரிந்ததும் கூட்டம் கை தட்டத்தான் செய்தது. எப்படிப்பட்ட தட்டல் என்றால், கொட்டாவியை மறைக்க வாய்க்குப் போன கை, பாதி வழியில் மரியாதை நினைவுக்கு வந்து தட்டிய தட்டல். நூலகத்தின் மாடி அரங்கு. ஜன்னல்களில் குண்டூசி குத்தி மாட்டிய கறுப்புத் துணி, பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசையில் மூன்று நடுவர்கள். உள்ளூர்க் குறும்பட விழாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சிறந்த படத்துக்கு ஒரு கேடயம் உண்டு. அதை வைக்க வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இடம்கூட ஒழித்து வைத்திருந்தான் அவன்.

கல்யாண வீடியோ எடுப்பது அவன் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இயக்குநர். நண்பர்கள் வைத்த பெயர் ஒன்மோர். நடிக்க வந்தவர் உயிரைக் கொடுத்து நடித்தாலும், முகத்தைச் சுளித்துக்கொண்டு "ஒன் மோர்" என்பான். அவன் கேமராவுக்கு முன்னால் தெருநாய்கூட நாலு தடவை குரைத்துக் காட்டிவிட்டுத்தான் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் மனைவி. அரங்குக்குள் போனை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் இரண்டு பேர் போனும் அவள் கைப்பையில் இருந்தன. மருந்துக் கடை கவுன்ட்டரில் அவளுக்கு வேலை. கல்யாணமான புதிதில், நானும் ஒரு சீன் நடிக்கிறேனே என்று ஆசையாகக் கேட்டாள். நிற்க வைத்து எடுத்துப் பார்த்தான். ஒன் மோர், ஒன் மோர் என்று பொழுது போனதுதான் மிச்சம். உன் முகத்தில் ஒன்றுமே வரவில்லை, சில்லறை இல்லை என்று கடையில் சொல்வாயே, அதே முகம்தான் என்று சொல்லிவிட்டான். அதோடு விட்டானா? வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

அந்த முகத்தைத்தான் சுருட்டை கேட்டான். கல்யாண வீடுகளில் இவனுக்கு விளக்குப் பிடிப்பவன் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். திடீரென்று அவனுக்கும் படப் பித்துப் பிடித்தது. அண்ணி நடித்தால் நன்றாக இருக்கும் என்று அவன் தலையைச் சொறிந்தபோது இவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தாராளமாகக் கூட்டிப் போ, பட்டால்தான் உனக்குத் தெரியும் என்றான். சுருட்டை வீட்டுச் சமையலறையில் இரண்டு ஞாயிறு படப்பிடிப்பு நடந்தது. ஒருநாள் வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போய்க் கொஞ்ச நேரம் நின்றதோடு சரி, இவன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதுவும் வேறொரு விழாவின் தேர்வு முடிவு போனில் வரவேண்டிய நாள். வேறு எதிலும் அவனுக்குப் புத்தி ஓடவில்லை.

இப்போது மறுபடி விளக்கு அணைந்து சுருட்டையின் படம் ஓட ஆரம்பித்தது.

முதல் காட்சியிலேயே இவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஃபோகஸ் தள்ளாடியது. பாத்திரம் கழுவும் சத்தத்தில் பாதி வசனம் அடித்துக்கொண்டு போயிற்று. படம் படுத்துவிடும் என்று முடிவு கட்டி, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தான். கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண்ணுக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. அதைக் கணவனிடம் சொல்லக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

கடைசி ஷாட் வந்தது. மேசை முன்னால் உட்கார்ந்திருப்பவள், வந்து நிற்கும் கணவனை நிமிர்ந்து பார்க்கிறாள். கணவனைத் திரையில் காட்டவில்லை, அவள் முகம் மட்டும்தான். உதட்டோரம் ஒரு சிரிப்பு தயாராக நிற்கிறது, என்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்பது போல. யாரும் கேட்கவில்லை. சிரிப்பு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே உள்ளே போய்விடுகிறது. அரங்கில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

பிறகு தட்டினார்கள் பாருங்கள், கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது. நடுவர்களில் ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவன் படத்துக்கு அதே அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்ததை இவன் பார்த்திருந்தான்.

வயிறு பற்றி எரிந்தது அவனுக்கு. நேற்றுவரை விளக்கு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன்! சரி, அந்த எரிச்சலையாவது தண்ணீர் குடித்து அணைத்திருக்கலாம். அடுத்து வந்ததுதான் ஆளைத் தின்றது.

இந்தத் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. நடிப்பவர் லென்ஸை நேராகப் பார்க்காமல் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால், அங்கே யாராவது நிற்க வேண்டும். வெறும் சுவரைப் பார்க்கச் சொன்னால் கண் செத்துப்போகும். இவள் கண் சாகவில்லை. கொஞ்சம் கீழே இறங்கியது, மறுபடி மேலே ஏறியது. எதிரே நிற்பவனின் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தால்தான் அப்படி வரும். லென்ஸுக்கு இடப்பக்கம் ஒருவன் நின்றிருக்கிறான். உயரமான ஆள். சுருட்டையும் உயரம்தான்.

என்னை ஒருநாளாவது அப்படிப் பார்த்திருக்கிறாளா என்று யோசித்தான். நினைவுக்கு எதுவும் வரவில்லை. அண்ணி அண்ணி என்று அந்தப் பயல் குழைந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எப்படி அம்மா அப்படி நடித்தீர்கள் என்று நடுவர் கேட்டார். பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன் என்றாள். அரங்கே சிரித்தது. யாரைப் பார்த்தாய், அதைச் சொல் என்று இவன் பல்லைக் கடித்தான். இப்போது அவனுக்குக் கேடயமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த இடத்தில் நின்றவன் யார் என்று தெரிந்தால் போதும்.

இடைவேளையில் அவளைச் சுற்றிக் கூட்டம். இவன் நேராகப் போய் மாடிப்படி ஓரத்தில் சுருட்டையை மடக்கினான். கையிலிருந்த காகிதக் கோப்பை நசுங்கி டீ வழிந்ததுகூட உறைக்கவில்லை.

"கடைசி ஷாட்ல லென்ஸுக்கு இடப்பக்கம் யாருடா நின்னது?"

சுருட்டை சிரித்தான். "என்னண்ணே, தெரியாத மாதிரி கேக்குறீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நீங்கதாண்ணே."

சுருட்டை விவரம் சொன்னான். அன்று காலையிலிருந்து அந்த ஷாட் வரவே இல்லையாம். சுருட்டையே நின்று பார்த்தானாம், விளக்கு ஸ்டாண்டில் பார்வைக்கு அடையாளமாக டேப் ஒட்டிப் பார்த்தானாம், அண்ணி முகத்தில் ஒன்றும் வரவில்லையாம். அந்த நேரத்தில்தான் இவன் சாவியோடு வந்து நின்றது.

"அண்ணிதான் மெதுவாச் சொன்னாங்க, அவர் அப்படியே நிக்கட்டும், நீ கேமராவ ஓட விடுன்னு. உங்க தோளப் புடிச்சு நகர்த்திக்கூட வச்சேன், நீங்க போன விட்டுத் தலையத் தூக்கல. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"வேணாம், சொன்னா நிமிர்ந்து பாத்துடுவாரு, அப்புறம் ஷாட் வராதுன்னாங்க." சுருட்டை பெருமையாகத் தலையாட்டினான். "ஒரே டேக்ண்ணே. ஒன் மோர் கேக்கவே வாய் வரல."

யாரோ சுருட்டையைக் கட்டிப்பிடித்து இழுத்துப் போனார்கள். இவன் மாடிப்படி ஓரத்திலேயே நின்றான். அந்தப் பார்வை தனக்கு வந்ததுதான் என்பதில் அவனுக்கு ஆறுதல் வரவில்லை. எரிச்சல்தான் இன்னும் கூடியது. படியேறி இறங்குகிற ஒவ்வொருவர் மேலும் பொறாமையாக இருந்தது. டீ கொடுக்கிறவர், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், பெயர் தெரியாத அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். பக்கத்திலேயே நின்ற அவன் மட்டும் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் வேலை கிடைத்ததாக நடித்தாளா, அல்லது வீட்டில் சொல்ல நினைத்த எதையாவது நினைத்துக்கொண்டாளா என்று கேட்கக்கூட அவனுக்கு வழி தெரியவில்லை.

உள்ளே போனான். அவள் தன் நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தாள். அவன் உட்காரவில்லை. அவள் எதிரே போய் நின்று, கையைத் தொங்கவிட்டு, அவள் முகத்தையே பார்த்தான். ஏதாவது வரும் என்று நின்றான்.

அவள் நிமிர்ந்தாள். என்ன வேண்டும் என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு புரிந்துவிட்டது போல் கைப்பையைத் திறந்தாள்.

"போன்தானே? இந்தாங்க. சீக்கிரம் பாத்துட்டுக் குடுங்க, அடுத்த படம் போடப் போறாங்க."

மருந்துக் கடையில் மீதிச் சில்லறை கொடுக்கிற அதே முகம். அவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.